எந்தக் கடனுக்குக் கோர்ட், எந்தக் கடனுக்கு ஊர்?

(வாசகர் கேள்வி – பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “இதை நான் செய்தே ஆக வேண்டுமா?” கேட்டவர்களில் ஜாமீன்தாரர் உண்டு, மொய் பாக்கிக்காரர் உண்டு, வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் அம்மாவும் உண்டு. வரிசையாகப் பார்ப்போம்.

கேள்வி: நண்பர் 2019-இல் வங்கியில் தொழில் கடன் வாங்கினார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் தவணை கட்டவில்லை. வக்கீல் நோட்டீஸ் எனக்கு வந்திருக்கிறது. அவருக்கே கடையும் வீடும் இருக்கும்போது முதலில் என்னைக் கேட்கலாமா?
(ஈரோடு வாசகர்)

கேட்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 128-வது பிரிவு சொல்வது இதுதான்: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. “முதலில் அவரிடம் வசூலித்துப் பாருங்கள், மிச்சத்துக்கு என்னிடம் வாருங்கள்” என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் பாங்க் ஆஃப் பீகார் – தாமோதர் பிரசாத் வழக்கிலேயே தள்ளிவிட்டது. அவசரத்துக்குப் பணம் வரும் என்பதற்காகத்தான் ஜாமீன் வாங்குகிறார்கள், அதைக் கடைசிக்குத் தள்ளினால் ஜாமீனுக்கு அர்த்தமே இல்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. “சாட்சிக் கையெழுத்து மாதிரிதான்” என்று சொல்லித்தான் நம் ஊரில் ஜாமீன் கேட்பார்கள். சாட்சி பார்த்ததைச் சொன்னால் போதும். ஜாமீன்தாரர் பணத்தைக் கட்ட வேண்டும்.

நோட்டீஸைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். வங்கிக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து நான்கு காகிதங்களின் நகலைக் கேளுங்கள்: கடன் அனுமதிக் கடிதம், நீங்கள் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரம், தொடக்கம் முதல் இன்றுவரை கணக்கு அறிக்கை, அடமானச் சொத்து விவரம். அவற்றில் கீழ்க்கண்டவற்றைத் தேடுங்கள்.

உங்களைக் கேட்காமல் கடன் வரம்பை உயர்த்தினார்களா, வட்டியையோ தவணைக் காலத்தையோ மாற்றினார்களா? 133-வது பிரிவின்படி, உங்கள் சம்மதமில்லாமல் நிபந்தனை மாறினால் அந்த மாற்றத்துக்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு நீங்கள் பொறுப்பில்லை. நண்பர் அடமானம் வைத்த இயந்திரத்தையோ பத்திரத்தையோ வங்கி கைவிட்டுவிட்டதா? அந்தப் பொருளின் மதிப்பு அளவுக்கு உங்கள் பொறுப்பு குறையும் (141-வது பிரிவு). ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. வங்கிகளின் அச்சடித்த ஜாமீன் பத்திரத்தில் “இந்த உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன்” என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியைப் படிக்காமல் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

அடுத்தது வழக்குப் போடுவதற்கான காலக்கெடு. வங்கி மூன்று வருடத்துக்கு ஒருமுறை கடன்காரரைக் கூப்பிட்டு ‘ரிவைவல் லெட்டர்’ என்ற பாக்கி ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கும். காலக்கெடு முடிவதற்குள் எழுதிக் கொடுத்தால் கணக்கு புதிதாக ஓடத் தொடங்கும். அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா, நண்பருடையது மட்டும்தானா என்பதை வக்கீலிடம் காட்டுங்கள். “வங்கி இத்தனை நாள் சும்மா இருந்தது, அதனால் நான் தப்பித்தேன்” என்பது மட்டும் எடுபடாது. சும்மா பொறுத்திருப்பது ஜாமீன்தாரரை விடுவிக்காது என்று 137-வது பிரிவே சொல்கிறது.

உங்கள் சொத்தையே அடமானமாகக் கொடுத்திருந்தால் வேகம் கூடும். வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே அடமானத்தைக் கைப்பற்ற வழிவிடும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வரும். அந்த நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நண்பர் கையில் கொடுக்காதீர்கள். கடன் கணக்கில் உங்கள் பெயரிலேயே கட்டி, ‘ஜாமீன்தாரராகச் செலுத்தியது’ என்று ரசீது வாங்குங்கள். முழுக்கடனையும் தீர்த்தால் வங்கிக்கு நண்பர் மேல் இருந்த உரிமையும் அடமானமும் உங்களுக்கு மாறும் (140). கட்டியதை நண்பரிடம் திரும்பக் கேட்கும் உரிமை எழுதாமலே உண்டு (145). இன்னொரு ஜாமீன்தாரர் இருந்தால் சுமை சரிபாதி (146). ரசீது வேறு பெயரில் இருந்தால் இந்த மூன்று உரிமையும் கோர்ட்டில் நொண்டும்.

“இனிமேல் ஜாமீனிலிருந்து விலகுகிறேன்” என்று கடிதம் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓவர்டிராஃப்ட் போல எடுத்துக் கட்டி எடுக்கும் கணக்கு என்றால், ஒப்பந்தம் தடுக்காதவரை, கடிதம் சேர்ந்த பிறகு எடுக்கும் தொகைக்கு மட்டும் அது பயன்படும். ஒரே தவணையில் கொடுத்து முடித்த கடனுக்கு அந்தக் கடிதத்தால் பயனில்லை.

கேள்வி: இலங்கையிலும் இதே சட்டமா? அண்ணரின் வங்கிக் கடனுக்குப் பிணை நிற்கச் சொல்கிறார்கள்.
(யாழ்ப்பாண வாசகி)

இல்லை. இலங்கையின் அடித்தளம் உரோம-டச்சுச் சட்டம். அதன்படி பிணையாளருக்கு ஒரு சலுகை இருக்கிறது: முதலில் கடனாளியின் சொத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லலாம். பல பிணையாளர்கள் இருந்தால் என் பங்கை மட்டும் கேளுங்கள் என்றும் சொல்லலாம். ஈரோட்டுக்காரர் ஆசைப்படும் அதே நியாயம் உங்கள் ஊரில் சட்டமாகவே இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், வங்கிப் படிவத்தில் இந்தச் சலுகைகளைத் துறக்கிறேன் என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். கையெழுத்திட்டதும் நீங்களும் ஈரோட்டுக்காரரும் ஒன்றுதான். அந்த வாசகத்தை நீக்கக் கேட்டுப் பாருங்கள். மறுத்தாலும், குறைந்தது பிணைத் தொகைக்கு ஒரு உச்ச வரம்பை எழுதச் சொல்லுங்கள். வாய்மொழியாகப் பிணை நின்றதாக யாரும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. அங்கே பிணை எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தாக வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் சுவையானது. இந்தியாவில் கைம்மாறு (பதிலுக்குக் கிடைக்கும் பயன்) இல்லாத வெறும் வாக்குறுதி, சில விலக்குகள் தவிர, செல்லாது. இலங்கையில் மனமறிந்து, தக்க காரணத்தோடு கொடுத்த வாக்குறுதிக்குக் கைம்மாறு தேவையில்லை. தார்மீகக் கடமைகூடத் தக்க காரணமாகும் என்று 1918-இல் இலங்கையிலிருந்து போன வழக்கொன்றில், லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஏற்றது. காணி, வீடு என்றால் மட்டும் நொத்தாரிசு (நோட்டரி) முன் உறுதி (பத்திரம்) எழுத வேண்டும்.

கேள்வி: அப்பா 2022 ஜூனில் ஒருவரிடம் புரோநோட்டு எழுதி 3 லட்சம் வாங்கியிருந்தாராம். அப்பா போன வருடம் இறந்துவிட்டார். “பிள்ளை கட்ட வேண்டியது தர்மம், புதுப் புரோநோட்டு எழுதிக் கொடு” என்கிறார்கள்.
(திருநெல்வேலி வாசகர்)

புதுப் புரோநோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பாவின் கடனை மகன் அடைப்பது புனிதக் கடமை என்று பழைய இந்துச் சட்டம் சொன்னது உண்மை. அந்தச் சட்டமே சூதுக்கும் குடிக்கும் வாங்கிய கடனை மகன் தலையில் கட்டவில்லை என்பதைக் கடன்காரர்கள் சொல்வதில்லை. அது போகட்டும். 2005 செப்டம்பர் 9 முதல் அமலான இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அந்தத் தேதிக்குப் பின் வாங்கிய கடனை ‘புனிதக் கடமை’ என்ற ஒரே காரணத்துக்காக மகன், பேரன், கொள்ளுப் பேரன் மேல் வசூலிக்க எந்த நீதிமன்றமும் அனுமதிக்கக் கூடாது என்று எழுதிவிட்டது.

மிச்சம் இருப்பது சொத்துப் பொறுப்பு. அப்பா விட்டுச் சென்ற சொத்து உங்கள் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குக் கடன்காரர் கேட்கலாம். உங்கள் சம்பளம், நீங்கள் சம்பாதித்து வாங்கிய மனை, மனைவியின் நகை எதுவும் அதில் வராது. சொத்தே வரவில்லை என்றால் சட்டப்படி தர வேண்டியது பூஜ்யம். எந்த மதத்தினர் என்றாலும் இந்த அளவுகோல் ஒன்றுதான்.

பிறகு பத்திரத்தைப் பாருங்கள். அசலைக் காட்டச் சொல்லி இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். முன்பக்கத்தில் தேதி, ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் அப்பாவின் கையெழுத்து. ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை, பிறகு அபராதம் கட்டினாலும் கோர்ட்டில் ஆதாரமாக ஏற்க முடியாது. சாட்சிக் கையெழுத்து இல்லாதது குறையல்ல, சட்டம் அதைக் கேட்கவில்லை. பின்பக்கத்தைக் கவனமாகப் பாருங்கள். “கேட்கும்போது தருகிறேன்” என்ற புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். 10.6.2022 தேதி என்றால் 10.6.2025-இல் முடிந்தது. அதற்குள் அப்பா ஒரு தொகை கொடுத்துப் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், அந்த வரவுத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம். போலி வரவு எழுதுவது இங்கேதான் நடக்கும். அப்பாவின் கையெழுத்துள்ள வங்கிப் படிவம், பதிவுப் பத்திரம் எதையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2019, 2020 தேதியிட்ட பழைய நோட்டு வைத்திருக்கும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு: கொரோனாவை முன்னிட்டு 15.3.2020 முதல் 28.2.2022 வரையான நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த உத்தரவை மறந்து கூட்டினால் கணக்கு தப்பும்.

புதுப் புரோநோட்டு ஏன் ஆபத்து? அப்பாவின் சொத்து அளவோடு நிற்க வேண்டிய பொறுப்பு உங்கள் சொந்தப் பொறுப்பாக மாறி நிற்கும். புரோநோட்டில் கையெழுத்து இருந்தால் கைம்மாறு இருந்ததாகவே சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் மேல் விழும். காலாவதியான கடனுக்கும் இதே எச்சரிக்கைதான். “தருகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், செத்த கடன் உயிர்பெற ஒப்பந்தச் சட்டம் 25(3) வழிவிடுகிறது. வாய்ப்பேச்சால் உயிர்பெறாது.

அப்பா பெயருக்காகக் கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். எவ்வளவு முடியுமோ அதை வங்கி வழியாகக் கொடுத்து, அசல் நோட்டைத் திரும்ப வாங்கி, ‘முழுதும் தீர்ந்தது’ என்று எழுதி வாங்குங்கள். காலாவதியான கடனைக் கட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்க முடியாது என்பதையும் தெரிந்து கொடுங்கள். மிரட்டி அநியாய வட்டி கேட்டால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் விருந்தில் ஒருவர் 10,000 மொய் எழுதினார். அவர் வீட்டு விருந்துக்கு எங்களால் 3,000 தான் செய்ய முடிந்தது. “மிச்சத்துக்கு கேஸ் போடுவேன்” என்கிறார். போட முடியுமா?
(புதுக்கோட்டை மாவட்ட வாசகர்)

போட்டாலும் நிற்பது கடினம். திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கியதுதான் சட்டத்தில் கடன். மொய் வாங்கும்போது யாரும் அப்படி ஒப்பந்தம் செய்வதில்லை. தொகை, தவணை, வட்டி எதுவும் பேசப்படுவதில்லை. கோர்ட்டின் கண்ணுக்கு அது அன்பளிப்பு. நீங்கள் தனியாக “7,000 பாக்கி, தந்துவிடுகிறேன்” என்று எழுதிக் கொடுத்தால் கதை வேறு. வாட்ஸப்பிலும் அப்படி எழுதி வைக்காதீர்கள்.

ஆனால் அவர் கோபத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பக்கத்து மொய் விருந்து, திருமணத்தில் வைக்கும் அன்பளிப்பு கிடையாது. ஆடி, ஆவணியில் கறிச்சோறு போட்டு, ஊர் ஊராக மேசை போட்டு எழுதி வாங்கும் வட்டியில்லா முதல். அதை வைத்துக் கிணறு வெட்டுகிறார்கள், கடை வைக்கிறார்கள். வாங்கியதைத் தீர்த்து, அதற்கு மேல் புதிதாக ஒரு தொகை வைத்தால்தான் உறவு ஓடும். தீர்த்ததோடு நிறுத்தினால் “கணக்கை முடித்துக்கொண்டார்” என்று அர்த்தம். குறைத்து வைத்தால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு, அதைத்தான் அவர் படித்துவிட்டார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது. புரோநோட்டு கொடுத்தவரிடம் இருக்கும். மொய் நோட்டோ வாங்கியவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும்! கடன்பட்டவரே தன் கடனுக்குக் கணக்குப்பிள்ளை. ஒரு பக்கத்தைக் கிழித்தால் தீர்ந்தது, ஆனால் கிழிப்பவர் யாருமில்லை. அடுத்த விருந்துக்கு ஆள் வராது என்ற பயம் போதும். போலீஸ் இல்லாமல் ஓடும் சட்டம் இது. அதன் தண்டனையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே ஊர் முறையிலேயே தீருங்கள். மொய் நோட்டை எடுத்து ஊர், தகப்பன் பெயர், தலைப்பெழுத்து மூன்றையும் ஒத்துப் பாருங்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருந்து மாற்றிச் செய்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பிறகு இருவருக்கும் பொதுவான ஒரு மூத்தவருடன் போய், மிச்சத்தை அவர் வீட்டு அடுத்த விசேஷத்துக்குள் செய்வதாகச் சொல்லுங்கள். கொடுக்கும்போது அவர் நோட்டில் வரவு எழுதச் சொல்லி நேரில் பாருங்கள். இனிமேல் முடியாத நிலை வந்தால் விருந்துக்கு முன்பே சொல்லிவிடுவது வழக்கம். மேசையில் போய்க் குறைத்து எழுதுவதுதான் அவமானமாகப் படுகிறது.

வரி விஷயம் ஒன்று. திருமணத்துக்கு மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. காதுகுத்து, புதுமனை, மொய் விருந்து அந்த விலக்கில் வராது. சட்டம் குறிப்பிடும் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கில் வரும். பெரிய விருந்து வைப்பவர்கள் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: கும்பாபிஷேகத்துக்கு ஒரு லட்சம் தருவதாகக் கூட்டத்தில் சொன்னேன். நோட்டீஸில் பெயரும் போட்டுவிட்டார்கள். தொழில் படுத்துவிட்டது. வழக்கு வருமா?
(திருப்பூர் வாசகர்)

உங்கள் சொல்லை நம்பி அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. நூறு வருடத்துக்கு முந்தைய இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புரியும். ஹவுராவில் டவுன் ஹால் கட்ட ஒருவர் 100 ரூபாய் சந்தா எழுதினார். அந்தச் சந்தாக்களை நம்பி நகராட்சியார் காண்டிராக்டரிடம் ஒப்பந்தம் போட்டார்கள். 1886-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், கொடுத்தே ஆக வேண்டும் என்றது. மசூதி பழுதுபார்க்க 500 ரூபாய் தருவதாகச் சொன்னவர் தரவில்லை, வேலையும் தொடங்கவில்லை. 1914-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அது வெறும் வாக்குறுதி, வசூலிக்க முடியாது என்றது.

ஸ்தபதிக்கு முன்பணம் போகும் முன்பே கமிட்டித் தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். எவ்வளவு முடியும், எப்போது முடியும் என்று தொகையோடு எழுதி, நகலில் கையெழுத்து வாங்குங்கள். தாமதித்தால் நீங்கள் இரண்டாவது வழக்கிலிருந்து முதல் வழக்குக்கு நகர்ந்துவிடுவீர்கள். சாமிக்கு மனதுக்குள் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடனை வசூலிக்க மட்டும் எந்தக் கமிட்டிக்கும் அதிகாரமில்லை.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் கணவர் மாதம் 25,000 அனுப்புவதாக வாட்ஸப்பில் எழுதினார். மூன்று மாதமாக வரவில்லை. இதை ஒப்பந்தமாகக் காட்டி வழக்குப் போடலாமா?
(ராமநாதபுரம் வாசகி)

இலங்கையில் நீர்ப்பாசன இயக்குநராக இருந்த ஓர் ஆங்கிலேயர், உடல்நிலை காரணமாக இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். பின்பு உறவு கசந்தது, மனைவி வழக்குப் போட்டார். 1919-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், வீட்டுக்குள் கணவன் மனைவி செய்யும் ஏற்பாடு சட்டப்படி கட்டுப்படும் எண்ணத்தோடு செய்யப்படுவதில்லை என்று தள்ளுபடி செய்தது. பால்ஃபர் வழக்கு என்று சட்டக் கல்லூரி முதல் வருடத்திலேயே படிப்பார்கள்.

எனவே ‘ஒப்பந்தம்’ என்று போகாதீர்கள், ‘ஜீவனாம்சம்’ என்று போங்கள். மனைவியைப் பராமரிக்கும் பொறுப்பு அவர் கொடுத்த வாக்கிலிருந்து பிறப்பதில்லை, சட்டத்திலிருந்து பிறக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் (பழைய சட்டத்தில் 125) குடும்ப நல நீதிமன்றத்தில் மனுச் செய்து, இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். வாட்ஸப் செய்தி அங்கே வேறு விதத்தில் உதவும்: அவரால் 25,000 தர முடியும் என்று அவரே ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். செய்தியை அழிக்காமல், போனையும் மாற்றாமல் வையுங்கள்.

கேள்வி: ஒரே வீட்டை மகனுக்கு ‘தான செட்டில்மெண்ட்’ எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாடுகூட இல்லை. பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?
(கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா)

சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்கள் மட்டும் போய் ரத்துப் பத்திரம் எழுதினால் பொதுவாக நிற்காது. முழு உரிமையும் கொடுத்த செட்டில்மெண்டை ஒருதலைப்பட்சமாகத் திரும்ப வாங்க முடியாது. இதைத் தெரியாமல் பத்திர எழுத்தரிடம் பணம் கட்டி ஏமாறுபவர்கள் அதிகம்.

போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் கீழ் அவர்தான் தீர்ப்பாயத் தலைவர். அங்கே இரண்டு தனித்தனிக் கோரிக்கை வையுங்கள்.

முதலாவது பராமரிப்புத் தொகை. மாதம் 10,000 வரை உத்தரவிடலாம். மகன் மட்டுமில்லை, மகள், மேஜரான பேரன் பேத்தி மேலும் கேட்கலாம். கட்டிக் கொடுத்த மகளுக்குப் பொறுப்பில்லை என்று சொல்வது வழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், விசேஷக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். உத்தரவை மீறினால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு.

இரண்டாவது வீடு. 23-வது பிரிவின்படி, ‘என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் செல்லாது என அறிவிக்கலாம். எல்லாச் சண்டையும் அந்த ‘நிபந்தனை’யில்தான். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஆகவே உங்கள் பத்திரத்தில் அந்த வரி இல்லையென்றாலும் சோர வேண்டாம். “என்னைப் பராமரித்து வருவதாலும், இனியும் பராமரிப்பார் என்ற நம்பிக்கையாலும்” என்ற வாசகம் ஏதாவது இருக்கிறதா என்று வரி வரியாகத் தேடுங்கள். அதே நாளில் மகன் தனித்தாளில் எழுதிக் கொடுத்த உறுதிமொழி இருந்தாலும் எடுங்கள்.

மனு வெள்ளைத்தாளில் போதும், வக்கீல் கட்டாயமில்லை. ஆதார், பத்திர நகல், வில்லங்கச் சான்று, மருத்துவச் செலவு ரசீது, பிள்ளைகளின் முகவரி, தெரிந்தவரை அவர்கள் வருமானம் ஆகியவற்றை இணையுங்கள். பெற்றோர் என்ற முறையில் கேட்க வயது வரம்பு இல்லை. மூத்த குடிமகன் என்ற முறையில் கேட்க 60 நிரம்பியிருக்க வேண்டும்.

இன்னும் எழுதாதவர்களுக்கு: செட்டில்மெண்டில் ‘ஆயுள்வரை குடியிருப்பு மற்றும் அனுபவ உரிமை எனக்கே’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு நிபந்தனையைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். “அன்பு, பாசம் காரணமாக” என்ற வழக்கமான வரி மட்டும் இருந்தால், அந்த அன்பை நம்பி வழக்காட வேண்டியிருக்கும். உயில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை, உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம்.

கேள்வி: அடிப்படைக் கடமைகளைச் செய்யாவிட்டால் தண்டனை உண்டா?
(போட்டித் தேர்வு எழுதும் வாசகர்)

இல்லை. 1976-இல் பத்து, 2002-இல் ஒன்று, மொத்தம் 11 கடமைகள் அரசியலமைப்பின் 51அ பிரிவில் உள்ளன. அந்தப் பிரிவில் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. தேசியக் கொடியை எரித்தால் தண்டனை வருவது 1971-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால்.

கேள்வி: விபத்தில் அடிபட்டவரைத் தூக்கப் போனால் வழக்கில் மாட்டுவோமா? தூக்காமல் போனால் குற்றமா?
(விழுப்புரம் வாசகர்)

வழிப்போக்கர் உதவாமல் போவது இந்தியாவில் பொதுவாகக் குற்றமில்லை. பிரான்சிலும் ஜெர்மனியிலும் குற்றம். ஆனால் இடித்த வண்டியின் ஓட்டுநருக்குக் கடமை உண்டு. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் முதலாவதற்கு விலக்கு உண்டு.

உதவுபவருக்கு 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டம் 134அ பாதுகாப்பு தருகிறது. நல்லெண்ணத்தோடு தூக்கிச் சென்றபோது தவறுதலாக நேர்ந்ததற்கு வழக்கில்லை. பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மருத்துவமனை உங்களிடம் முன்பணம் கேட்கக் கூடாது. கழுத்தோ முதுகோ அடிபட்டிருந்தால் இழுத்துத் தூக்காமல் 108-க்குச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: கடன், கடமை, கடப்பாடு மூன்றும் ஒன்றா?
(மன்னார்குடி தமிழாசிரியர்)

இன்றைய சட்டத் தமிழில் பிரித்துவிட்டார்கள். கடன் பணம், கடமை செய்ய வேண்டிய செயல், கடப்பாடு இருவரைக் கட்டும் பொறுப்பு. பழந்தமிழில் இந்த வேலி இல்லை. “ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே” என்று பொன்முடியார் புறநானூற்றில் (312) பாடும்போது தாய்க்கு, தந்தைக்கு, கொல்லனுக்கு, வேந்தனுக்கு, காளைக்கு என்று ஆளுக்கொரு கடன் வைக்கிறார். அதில் பணம் கிடையாது. இன்றும் காலைக்கடனும் செஞ்சோற்றுக்கடனும் அந்தப் பொருளில்தான் புழங்குகின்றன.

கடப்பாடு என்ற சொல்லுக்குக் குறள் 211-ஐப் பாருங்கள்: “கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு / என்ஆற்றுங் கொல்லோ உலகு.” பெய்த மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிடும்? வள்ளுவருக்குக் கைம்மாறு வேண்டாததுதான் கடப்பாடு. 1872-இன் ஒப்பந்தச் சட்டத்துக்கோ கைம்மாறு இல்லாவிட்டால் பெரும்பாலும் கடப்பாடே இல்லை. ஆங்கிலத்தில் ‘கன்சிடரேஷன்’ என்பதை நம் சட்ட மொழிபெயர்ப்பில் சிலர் ‘மறுபயன்’ என்கிறார்கள், சிலர் ‘கைம்மாறு’ என்கிறார்கள். இரண்டாவதைப் போடுபவர்கள் குறளை மறந்துவிட்டுப் போடுகிறார்களா, நினைத்துக்கொண்டு போடுகிறார்களா என்று உங்கள் மாணவர்களையே விவாதிக்கச் சொல்லுங்கள்.